கூட்டுறவுப் பண்டகசாலையும் சூரிய மின்சாரமும்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை ஒருமுறையேனும் படித்தவர் இங்கிலாந்திலுள்ள ரோச்டேல் நகரை அறியாதிரார். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் அந்நகரின் டோட் லேன் என்னும் தெருவில், நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து தங்களுக்கென ஒரு சிறு கடையைத் திறந்தனர். அன்று அக்கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள் ஆகியவையே. மின்விளக்கு இன்னும் உலகிற்கு வராத காலம் அது. வெண்ணெய் கெடாமல் இருக்க டிசம்பர் மாதக் குளிரே போதுமானதாக இருந்தது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1904-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் சரியான எடையில், சரியான விலையில் அங்கத்தினருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அக்காலத்துப் பண்டகசாலைக்கு வேண்டியவை ஒரு தராசு, சில மூட்டைகள், ஒரு கணக்குப் புத்தகம் ஆகியவையே. இன்று நம் கூட்டுறவுச் சூப்பர் மார்க்கெட்டிற்குள் நுழைந்தால் நாம் காண்பது வேறொரு உலகம். பாலுக்கும் தயிருக்கும் கண்ணாடிப் பெட்டி, காய்கறிக்குக் குளிரறை, ஐஸ்கிரீமுக்கு உறைபெட்டி, தலைக்கு மேல் வரிசை வரிசையாக விளக்குகள், வாங்க வருவோர் வியர்க்காமல் நிற்கக் குளிர்சாதனம் என எங்கு நோக்கினும் மின்சாரமே. கடையில் ஆள் இல்லாத நள்ளிரவிலும் குளிர்பதன இயந்திரம் ஓய்வதில்லை. மாதக் கடைசியில் வரும் மின்கட்டணச் சீட்டே இதற்குச் சாட்சி.

அச்சீட்டில் காட்டப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. இந்திய நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஆகவே கடை செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஒரு புகைபோக்கியின் வழியே கரியமில வாயுவை வானிற்கு அனுப்புகிறது. இதனைக் குறைக்கப் பல நாடுகளின் சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் கூரையிலேயே சூரிய மின்சாரம் எடுக்கத் தொடங்கியுள்ளன. நம் சங்கங்களிலும் இதைப் பற்றிய பேச்சு எழுகிறது. இது எவ்வளவு பயன் தரும், எந்த முறையில் செய்தால் அங்கத்தினரின் பணம் வீணாகாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

கரியமில வாயுவைப் பற்றிய கவலை பணக்கார நாடுகளுக்கு உரியது என்றும், தறியையும் ஏரையும் நம்பி வாழும் நமக்கு அதனால் ஆவது என்ன என்றும் சிலர் கேட்கக்கூடும். 1958-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் காற்றை முறையாக அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-இல் அது 420 பங்கைக் கடந்துவிட்டது. இந்த வாயு மிகுந்தால் பூமியின் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்த காற்று அதிக நீராவியைத் தாங்கும் ஆகலின், பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கும்.

மழைக்காலத்தில் குழித்தறியின் குழியில் நீர் ஊறிவிட்டால் நெசவாளர் பாவை அவிழ்த்து வைத்துவிட்டுக் கைகட்டி இருக்க வேண்டியதே. அந்நாள்களுக்குக் கூலி கிடையாது. உழவரின் நிலையோ சொல்ல வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகளை ஓர் இரவில் சாய்த்ததை டெல்டா மாவட்டத்தார் இன்னும் மறக்கவில்லை. எந்த ஒரு புயலுக்கும் இந்த வாயுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வெப்பம் மிகுந்த கடல் புயலுக்கு வலிமையூட்டுகிறது என்பதை அறிவியலார் தெளிவாகவே கூறுகின்றனர். வானிலை கெட்டால் முதலில் அடிபடுவோர் நாமே. ஆதலின் இது நம் வீட்டுக் கவலையே.

கூரை எவ்வளவு தரும்?

சூரிய ஒளி ஒருவகைச் சிலிக்கான் தகட்டின்மேல் விழுந்தால் மின்னோட்டம் உண்டாகிறது. இந்த உண்மையைக் கொண்டு 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மூவர் செய்து காட்டிய மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக மாற்றியது. இன்று கடைகளில் விற்கும் சோலார் பேனல்கள் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் மாற்றுகின்றன. பேனலிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. அதனை நம் கம்பிகளில் ஓடும் மாறுதிசை மின்சாரமாக்கும் கருவியே இன்வெர்ட்டர். அவ்வளவே இதன் அமைப்பு. இதில் சுழலும் சக்கரமோ எரியும் எண்ணெயோ இல்லை.

நம் நாட்டில் நிழல் படாத நூறு சதுர அடிக் கூரைக்கு ஒரு கிலோவாட் என்று பொதுவாகக் கணக்கிடுவர். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட், ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்கு மேல் தரும். மேகமூட்டமும் குளிரும் மிகுந்த பிரிட்டனிலோ அதே ஒரு கிலோவாட் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 யூனிட்டே தருகிறது. அப்படியிருந்தும் அந்நாட்டுச் செயின்ஸ்பரி நிறுவனம் 2012-ஆம் ஆண்டிற்குள் தன் 169 கடைகளின் கூரைகளில் 16 மெகாவாட் அளவுக்குப் பேனல்களை அமைத்துவிட்டது. சராசரியாகப் பார்த்தால் கடையொன்றுக்கு நூறு கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. அவர்களைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு ஒளி நமக்கு இயற்கை தந்த கொடை.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெயில் கொளுத்தினால் மின்சாரமும் பெருகும் என்று பலர் நினைக்கின்றனர். பேனலுக்கு வேண்டியது ஒளியே; சூடு அதற்குப் பகை. இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தேய்கிறது. சித்திரை வெயிலில் பேனல் அறுபது டிகிரி சூடேறினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு உண்டு. ஆகவே பேனலைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்று புகுமாறு உயர்த்தி, தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து அமைப்பது நலம்.

சூப்பர் மார்க்கெட்டுக்கும் சூரிய மின்சாரத்திற்கும் இயல்பான ஒரு பொருத்தம் உண்டு. வீடுகளில் பகலில் ஆள் இல்லை. மின்சாரம் தேவைப்படுவது இரவில். ஆதலின் வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரத்தின் பெரும்பகுதியை மின்வாரியத்தின் கம்பிக்கு அனுப்பி, அதற்கு அவர்கள் தரும் ஈட்டுத் தொகையை எதிர்பார்க்க வேண்டியுள்ளது. கடையிலோ நண்பகலில்தான் குளிர்சாதனமும் குளிர்பதனப் பெட்டியும் மிகுதியாக உழைக்கின்றன. விளையும் மின்சாரம் விளைந்த இடத்திலேயே, விளைந்த நேரத்திலேயே செலவாகிவிடுகிறது. தன் வயலில் விளைந்த நெல்லைத் தன் வீட்டிலேயே உண்பவனுக்குச் சந்தை விலையைப் பற்றிய கவலை இல்லை அன்றோ?

ஆயினும் கூரைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்க அரசின் கணக்குப்படி அந்நாட்டுச் சூப்பர் மார்க்கெட் ஒன்று சதுர அடிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவிடுகிறது. ஐம்பதாயிரம் சதுர அடிக் கடைக்கு 25 லட்சம் யூனிட் ஆயிற்று. அக்கடையின் கூரை முழுவதையும் பேனலால் மூடி, நம் நாட்டு வெயிலையே அதன்மேல் பொழியவிட்டாலும், 500 கிலோவாட்டில் கிடைப்பது ஏழு லட்சத்துச் சில்லறை யூனிட்டே. மூன்றில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. கூரையில் நீர்த்தொட்டியும் குளிர்சாதனப் பொறிகளும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். கீழும் மேலுமாக இரண்டு தளங்களில் நடக்கும் கடையாயின், இரண்டு தளத்துக்கும் கூரை ஒன்றே என்பதையும் எண்ண வேண்டும்.

இதிலிருந்து தெரிவது யாது? செலவு இப்போதுள்ளபடியே இருக்க, கூரை மட்டும் கடையைக் காப்பாற்றாது. செலவைக் குறைத்தால்தான் கூரையின் வரவு கணிசமாகத் தோன்றும்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

மின்சாரத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வானிற்குச் செல்லும் கேடு மின்சாரத்தால் மட்டும் வருவதன்று. குளிர்பதனப் பெட்டியின் குழாய்களுக்குள் ஓடும் வாயுவையும் நாம் கணக்கில் சேர்த்தாக வேண்டும். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று மெக்கானிக் வந்து சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். குறைந்த வாயு எங்கே போயிற்று என்று கேட்பவர் அரியர். அது காற்றோடு கலந்துவிட்டது என்பதே விடை.

குளிரறைகளிலும் பெரிய கடைகளின் குளிர்பதனப் பெட்டிகளிலும் பரவலாக வழங்கும் ஆர்-404ஏ என்னும் வாயுவின் ஒரு கிலோ, பூமியைச் சூடேற்றுவதில் ஏறத்தாழ 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட் ஒன்றின் குழாய்களில் இத்தகைய வாயு சராசரியாக 1,800 கிலோ அளவுக்கு இருப்பதாகவும், அதில் நான்கில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கசிந்துவிடுவதாகவும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கசிவது ஆர்-404ஏ ஆயின், ஓராண்டில் ஒரு கடையின் கசிவே ஆயிரத்தெழுநூறு டன் கரியமில வாயுவுக்கு ஒப்பாகும். அக்கடை செலவிடும் மின்சாரத்தால் எழுவதைக் காட்டினும் இது மிகுதி.

அமெரிக்கக் கடையை விட்டு, நம்மூர் அளவில் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு சங்கம் தன் பண்டகசாலையின் கூரையில், 2,000 சதுர அடியில், 20 கிலோவாட் பேனல் அமைத்ததாக எண்ணிக்கொள்வோம். நாளொன்றுக்கு 80 யூனிட். ஆண்டுக்கு 29,200 யூனிட். இந்திய மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்கை ஒட்டிய அளவு. ஆகவே ஓராண்டில் தவிர்க்கப்படுவது ஏறத்தாழ 20 டன். நல்ல பணியே.

அதே பண்டகசாலையின் குளிரறைக் குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்து, அதன் வழியே ஓராண்டில் ஆர்-404ஏ வாயு ஐந்தே கிலோ கசிந்ததாகவும் வைத்துக்கொள்வோம். அதன் கேடு 19.6 டன். கூரைமேல் ஓராண்டு முழுதும் சூரியன் உழைத்துச் சேர்த்த புண்ணியத்தை, கீழே ஒரு மூட்டுக் குழாய் ஓசையின்றித் தின்றுவிட்டது! கூரையிலுள்ள பேனலைச் சாலையில் போவோர் எல்லாரும் பார்ப்பர், திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பர். குழாயின் கசிவை எவரும் பாரார். ஆயினும் இரண்டின் எடையும் ஒன்றே.

இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கென 2016-ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஓர் உடன்பாடு கண்டன. இந்தியா 2021-இல் அதனை ஏற்றது. அதன்படி நம் நாடு 2032 முதல் இவ்வாயுக்களின் அளவைக் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் நூற்றுக்கு 85 பங்கு குறைக்க வேண்டும். இன்று வாங்கும் குளிரறை பதினைந்து ஆண்டு உழைக்குமாயின், அதற்குரிய வாயு அருகியும் விலை ஏறியும் போகும் காலத்தை அது காணப்போகிறது. புதிதாக இயந்திரம் வாங்கும் சங்கங்கள் புரொப்பேன் போன்ற, சூடேற்றும் தன்மை மிகக் குறைந்த வாயுவில் ஓடுவனவற்றை நாடுவது இதனாலும் அறிவுடைமை. சிறிய கண்ணாடிப் பெட்டிகளில் ஆர்-290 என்று எழுதியிருப்பது புரொப்பேனையே குறிக்கும். அது தீப்பற்றக் கூடியது ஆதலின், பயிற்சி பெற்ற மெக்கானிக்கே அதனைத் தொட வேண்டும்.

வரிசை முறை

இவ்வளவும் கூறியது சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதற்கன்று. ஏற்றம் இறைப்பவன் முதலில் சாலின் ஓட்டையை அடைப்பான், பிறகே இறைப்பான். அந்த வரிசையே இங்கும் வேண்டுவது.

முதலாவது, கசிவைச் சோதித்து அடைப்பது. ஒவ்வொரு முறை வாயு நிரப்பும்போதும் எத்தனை கிலோ நிரப்பப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். ஆண்டு முடிவில் அதனைக் கூட்டினால் கசிந்தது எவ்வளவு என்பது தானே விளங்கும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையே செலவு.

இரண்டாவது, குளிரை வெளியே விடாதிருப்பது. அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளில் மின்சாரத்தில் பாதியளவு குளிர்பதனத்திற்கே செல்கிறது. கதவில்லாத திறந்த பெட்டியிலிருந்து குளிர்காற்று ஓயாது வழிந்து கடைத் தரையில் பரவுகிறது. வெளியிலுள்ள ஈரமும் வெப்பமும் மிகுந்த காற்று உள்ளே புகுந்து பனியாக உறைகிறது. அந்தப் பனியை உருக்குவதற்கும் மின்சாரமே செலவு. அப்பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு இட்டால் அதன் மின்செலவு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இதன் பயன் மிகுதி. கதவிட வசதியில்லையேல் இரவில் ஒரு திரையாவது இழுத்துவிடலாம். கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் மாற்றுவதும், பெட்டியின் பின்புறக் கம்பிச் சுருளில் படியும் தூசைத் துடைப்பதும் சிறு செலவில் பெரும் பயன் தருவன. குழல் விளக்குகளை எல்.இ.டி. விளக்காக மாற்றுவது பலரும் அறிந்ததே. விளக்கின் சூடு குறைவதால் குளிர்சாதனத்தின் வேலையும் குறைகிறது.

மூன்றாவது, கூரை. செலவைச் சுருக்கிய பின் பேனல் அமைத்தால், கடையின் மின்செலவில் அதன் வரவு வகிக்கும் பங்கு முன்னையினும் உயரக்கூடும். ஜவுளி விற்பனை நிலையங்களுக்கு இதில் கூடுதல் வாய்ப்பு உண்டு. கைத்தறிச் சங்கங்களின் விற்பனைக்கூடத்தில் குளிரறை இல்லை. விளக்கும் குளிர்சாதனமுமே செலவு. அங்கே கூரை தரும் பங்கு இயல்பாகவே பெரிது.

மூன்றையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விஸ்டா என்னும் ஊரிலுள்ள டார்கெட் நிறுவனத்தின் கடை 2022-ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்டது. கூரையில் மட்டுமன்றி, கார்கள் நிற்கும் வெளியிலும் பந்தல் போலச் சட்டமிட்டு, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பேனல்களை அமைத்தனர். கடையைச் சூடாக்க எரிவாயுவை விட்டுச் சூரிய மின்சாரத்திற்கு மாறினர். எல்.இ.டி. விளக்கு இட்டனர். குளிர்பதனத்திற்குக் கேடு மிகுந்த பழைய வாயுவை விட்டுக் கரியமில வாயுவையே குழாயில் ஓடவிட்டனர். ஆண்டில் கடைக்குத் தேவையானதைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை மிகுதியாகவே மின்சாரம் விளையும் என்பது அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு. கூரை மட்டும் போதாமல் வாகன நிலையத்தின் மேலும் பந்தலிட நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. குளிர்பதனத்தையும் விளக்கையும் விட்டுவிட்டு வெறும் பேனலை மட்டும் அவர்கள் நம்பவில்லை.

மகாசபையில் கேட்கத்தக்க கேள்விகள்

சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பங்குத் தொகை. தறியில் கால் மிதித்தும் வயலில் குனிந்து நின்றும் சேர்த்த பணம் அது. நிர்வாகக் குழு பேனல் அமைக்கும் திட்டத்தைக் கொண்டுவருமாயின், கைதட்டி ஏற்கும் முன் அங்கத்தினர் சில கேள்விகளைக் கேட்பது முறை.

போட்ட முதல் எப்போது திரும்பும்? கணக்கின் பொருட்டு, கிலோவாட்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் எனக் கொண்டால் 20 கிலோவாட்டுக்கு 12 லட்சம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம் எனக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,33,000 ரூபாய். கழுவும் கூலி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைக் கழித்தால் முதல் திரும்ப ஆறு ஆண்டு அளவாகும். அவரவர் சங்கத்தின் மின்கட்டணச் சீட்டையும், ஒப்பந்தக்காரர் தரும் விலைப்புள்ளியையும் இட்டு இக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பேனல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். ஆனால் இன்வெர்ட்டரைப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் மாற்ற நேரும். அதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

மின்தடையின்போது கடை இயங்குமா? பேனல் இருந்தால் மின்சாரம் நின்றாலும் விளக்கு எரியும் என்று பலர் நம்புகின்றனர். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. தடையின்போதும் குளிரறை ஓட வேண்டுமாயின் பேட்டரியோ, ஜெனரேட்டரோடு இணைந்து இயங்கும் தனி அமைப்போ வேண்டும். அதற்குரிய செலவு வேறு.

மாலையில் என்ன செய்வது? பொழுது சாய்ந்தபின், கடையில் கூட்டம் மிகும் வேளையில், பேனல் ஒன்றும் தராது. பேட்டரிக்குப் பெருஞ்செலவு செய்யுமுன், நண்பகலில் குளிரறையைச் சற்றுக் கூடுதலாகக் குளிர்வித்து அக்குளிரையே மாலைக்குச் சேமிக்கலாமா என்று பார்க்கலாம். தயிர், பால், காய்கறி ஒவ்வொன்றுக்கும் உரிய வெப்பநிலையின் எல்லைக்குள் இது நிகழ வேண்டும். உழவர் கொண்டுவந்து தந்த காய் உறைந்து கெட்டால் மிச்சம் என்பது நட்டமே.

கூரை தாங்குமா? கட்டடம் வாடகையா, சொந்தமா? ஒழுகும் தளத்தின்மேல் பேனல் அமைத்துவிட்டுப் பின்பு தளத்தைச் செப்பனிட அதனைக் கழற்றுவது இரட்டைச் செலவு. எடையைவிடக் காற்றையே அஞ்ச வேண்டும். புயற்காற்று சாய்ந்த பேனலை அடியிலிருந்து தூக்கும். கஜாவைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சட்டமும் திருகாணியும் அவ்வட்டாரத்துப் புயல் வேகத்திற்கு ஏற்றவையா என்று தகுதி பெற்ற பொறியாளரின் எழுத்துச் சான்று பெற வேண்டும்.

பராமரிப்பவர் யார்? அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தன் கூரைகளில் பேனல் அமைத்த நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. சில ஆண்டுகளில் ஏழு கடைகளின் கூரைகளில் தீப்பற்றியது என்றும், அமைப்பிலும் பராமரிப்பிலும் கவனக்குறைவே காரணம் என்றும் அது குற்றஞ்சாட்டியது. அவ்வாண்டு நவம்பரில் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். தளர்ந்த கம்பி இணைப்பு ஒன்றே தீப்பொறிக்குப் போதும். பேனலைக் கழுவுவது யார், இணைப்புகளை ஆண்டுதோறும் சோதிப்பது யார், தீ விபத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

முதல் இல்லாத சங்கங்களிடம் சில நிறுவனங்கள் வந்து, "கூரையை மட்டும் தாருங்கள், பேனல் எங்களுடையது, விளையும் மின்சாரத்தை யூனிட் கணக்கில் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறுவதுண்டு. இதனாலும் நன்மை உண்டு. ஆனால் இத்தகைய ஒப்பந்தம் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நீடிப்பது. இடையில் கடையை இடம் மாற்ற நேர்ந்தால் என்ன ஆகும், விலை ஆண்டுதோறும் ஏறுமா என்பவற்றை வரி வரியாகப் படித்தே கையொப்பமிட வேண்டும். உபரி மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்புவதற்கான விதிகளையும் கட்டணங்களையும் ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது மாற்றுவதால், அன்றைய விதியை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நன்று.

ஆண்டறிக்கையில் ஒரு பக்கம்

கூட்டுறவுச் சங்கம் தனியார் கடையினின்றும் வேறுபடுவது கணக்கில். நம் கணக்கு அங்கத்தினர் அனைவர் முன்னும் ஆண்டுதோறும் விரிக்கப்படுகிறது. வரவு செலவு அறிக்கையோடு இன்னும் நான்கு எண்களைச் சேர்த்து அச்சிட்டால் என்ன? வாங்கிய மின்சாரம் எத்தனை யூனிட், கூரையில் விளைந்தது எத்தனை யூனிட், ஜெனரேட்டருக்குச் செலவான டீசல் எத்தனை லிட்டர், குளிர்பதனக் குழாயில் நிரப்பிய வாயு எத்தனை கிலோ என்பவையே அவை. பேனல் அமைக்காத சங்கமும் இதனைத் தொடங்கலாம். இரண்டாம் ஆண்டு இவ்வெண்களை ஒப்பு நோக்கும்போது, பணம் எங்கே இடத்தக்கது என்பது வெளிப்படையாகும். கசிவு மிகுதியாயின் மெக்கானிக்கை அழையுங்கள். பகல் மின்சாரம் மிகுதியாயின் கூரையைப் பாருங்கள். இந்த எண்களைப் பாராமல் பேனல் வாங்குவது, நூலின் நம்பரைக் கேளாமல் பாவு ஓட்டுவதை ஒக்கும்.

ரோச்டேல் நெசவாளர் திறந்த கடையின் பெருமை அதில் இருந்த பண்டங்களால் வந்ததன்று. கலப்படம் மலிந்த காலத்தில் கலப்படமற்ற மாவும் நேரான எடையும் தந்ததால் வந்த பெருமை அது. இன்று நம் கடை வானிற்கு அனுப்புவதையும் அதே நேர்மையோடு நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துள்ளது. கூரையில் விளையும் 20 டன் நன்மையை எழுதும் பேனா, குழாயில் கசியும் 20 டன் தீமையையும் எழுதட்டும். அடுத்த மகாசபையில் உறுப்பினர் ஒருவராவது எழுந்து, "சென்ற ஆண்டு நம் குளிரறைக்கு எத்தனை கிலோ வாயு நிரப்பினோம்?" என்று கேட்பாராக. அக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் சங்கம், கூரையில் பேனல் ஏற்றுவதற்குத் தகுதி பெற்றுவிட்டது எனலாம்.